ஏடு பெயர்த்தோரும் கோப்புப் பகிர்வோரும்

கோணேசர் கல்வெட்டை ஓலையிலிருந்து ஓலைக்குப் பெயர்த்தெழுதியவனைக் கள்வன் என்று திருகோணமலையில் எவரும் கூறியதில்லை. கறையானும் கடற்காற்றும் ஏட்டைத் தின்னும் நாட்டில், பெயர்த்தெழுதுவோன் இல்லையேல் நூலே இல்லை. கவிராசவரோதயன் பெயர் இன்றுவரை நின்று நிலவுகிறதென்றால், அதற்குப் பெயர் தெரியாத எழுத்தாணிக்காரர் பலரின் உழைப்பே காரணம். நூலைப் பூட்டி வைத்தோர் அன்றும் இருந்தனர். ஆயின் அவர்கள் பூட்டியது சாதியின் பெயரால். சட்டத்தின் பெயரால் அன்று. ஏட்டுக் காலத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் அந்தப் பூட்டை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

இன்று அதே மாவட்டத்தில், கப்பல்துறையில் கூலி வேலை செய்யும் ஒரு தந்தையின் பிள்ளை பல்கலைக்கழகம் புகுகிறான். ஆங்கிலப் பாடநூல் ஒன்றின் விலை தந்தையின் பல நாட் கூலியை விழுங்கும். ஆதலின் அந்நூலின் மின்பிரதியை யாரோ அனுப்ப, அவன் பெற்று, டெலிகிராம் வழியாக வகுப்பு முழுவதற்கும் அனுப்பிவிடுகிறான். சட்டம் அவனைக் குற்றவாளி என்கிறது. ஓலைக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையில் நிகழ்ந்தது யாது?

எழுத்தாளனைக் காக்கவே பதிப்புரிமை பிறந்தது என்று நமக்குச் சொல்லப்படுகிறது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1557 ஆம் ஆண்டில் இலண்டன் நூல் வணிகர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. அச்சிடும் ஏகபோகம் வணிகர்க்கு. அரசுக்குப் பிடிக்காத நூல்களை ஒடுக்கும் வசதி முடிக்கு. இருசாராரும் கொழுத்தனர்; எழுதியவன் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. 1710 ஆம் ஆண்டின் ஆன் அரசி சட்டந்தான் அவனுக்கு முதன்முதலாக உரிமை தந்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டு. அது முடியும்போது அவன் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு. இன்று இலங்கையில், எழுதியவர் இறந்து 70 ஆண்டு கழியும்வரை அவ்வுரிமை நீள்கிறது. இறந்தவன் இனி எழுதப்போவதில்லை என்பது வணிகருக்குத் தெரியாததன்று!

இன்று உலகெங்கும் பதிப்புரிமைக் காவலராய் நிற்கும் அமெரிக்கர், 1891 வரை அயல்நாட்டு எழுத்தாளருக்குப் பதிப்புரிமை அளிக்கவே இல்லை. தம் நாவல்கள் அங்கே ஒரு காசும் தராமல் அச்சிடப்படுவதை, 1842 இல் அந்நாட்டுக்குச் சென்ற டிக்கன்ஸ் நேரிலேயே முறையிட்டார், பயனில்லை. மலிவுப் பதிப்புகளைப் படித்து ஒரு தேசமே வளர்ந்தது. வளர்ந்த பின் ஏறிய ஏணியை எட்டி உதைத்தனர். 1995 இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த அறிவுசார் சொத்து ஒப்பந்தம் ஏழை நாடுகளையும் கட்டியது. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்னர் வந்ததே.

தமிழர் இவ்விடயத்தில் வெறும் பார்வையாளராய் இருந்ததில்லை. 1921 இல் பாரதி மறைந்தபின் வறுமை அவர் குடும்பத்தை வாட்டியது. நூலுரிமை விலை போயிற்று. இசைத்தட்டு உரிமை கைமாறிப் படமுதலாளி மெய்யப்பரிடம் சேர்ந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது தடை எழுந்தது. மக்களுக்குப் பாடியவனின் பாட்டை மக்கள் பாட அனுமதி வேண்டுமா? நாரண துரைக்கண்ணனும் ஜீவானந்தமும் பிறரும் கிளர்ந்தெழுந்தனர். 1949 இல் சென்னை அரசு உரிமையைப் பெற்றது. 1955 இல் பாரதி பொதுச்சொத்தானார். அங்கே மெய்யப்பர் தம் உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்ததையும், செல்லம்மாளுக்கும் மகளிர் இருவருக்கும் அரசு பணம் வழங்கியதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளவேண்டும். பாட்டு விடுதலை பெற்றது. பாடியவனின் குடும்பம் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை.

இனி டில்லிக்கு வருவோம். டில்லிப் பொருளியல் கல்லூரி வளாகத்தில் இராமேசுவரி என்றொரு சிறிய போட்டோப்பிரதிக் கடை. ஆசிரியர் குறித்துக் கொடுக்கும் அத்தியாயங்களைப் பிரதியெடுத்துக் கட்டாக்கி மாணவருக்கு விற்பது அதன் தொழில். 2012 ஆகஸ்டில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் அக்கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. மலையை நகர்த்தி எலியை நசுக்க முனைந்த கதை! மாணவர் சங்கம் அமைத்து வழக்கில் தாமும் நுழைந்தனர். எந்த அறிஞரின் பெயரால் வழக்கு நடந்ததோ அவ்வறிஞருட் பலரே பதிப்பகங்களை எதிர்த்தனர். அமர்த்தியா சென் வழக்கைக் கைவிடுமாறு எழுதினார். 2016 செப்டெம்பர் 16 இல் டில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பதிப்புரிமை இயற்கையுரிமையுமன்று, தெய்வீக உரிமையுமன்று என்பது தீர்ப்பின் சாரம். டிசெம்பரில் மேன்முறையீட்டு அமர்வும், கற்பித்தலுக்கு வேண்டிய அளவு பிரதியெடுத்தல் குற்றமன்று என்ற நிலையையே எடுத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

நம் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11 ஆம் பிரிவும், வகுப்பறைக்கெனப் பல பிரதியெடுத்தலை நியாயமான பயன்பாட்டினுள் வைத்தே பேசுகிறது. இது தெரியாமல் அஞ்சுகிற ஆசிரியர் பலர். எனினும் முழு நூலையும் ஊரெல்லாம் பரப்புதற்கு அப்பிரிவு குடை பிடிக்காது.

மாணவ நண்பர்களோடு எனக்குள்ள பிணக்கு இங்கேதான். ஈழத்தில் தமிழ்நூல் எழுதுவோன் யார்? பெரும்பாலும் ஓர் ஆசிரியன், ஓர் எழுதுவினைஞன். நகையை அடகு வைத்து முந்நூறு பிரதி அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் நண்பரிடம் விற்று, எஞ்சியதைக் கட்டிலின் கீழ் அடுக்கி வைப்பவன். அவனுடைய நூலையும் ஒக்ஸ்போர்ட் நூலையும் ஒரே விரலால் அனுப்பிவிட்டு, ‘அறிவு பொதுவுடைமை’ என்பது என்ன நீதி? உழைப்பவனின் கூலியைப் பறித்து எவரும் பொதுவுடைமை கண்டதில்லை. திரைப்படக் கள்ளப்பிரதியையும் இதே முழக்கத்தால் மூடுவோருக்கு நான் விடை சொல்லப் போவதில்லை.

பூட்டிவைத்தலால் நூல் பிழைக்கும் என்பதும் பொய். திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’, தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுவது, நெடுங்காலம் அவரது ஊரிலேயே கிடைத்தற்கரியதாய்க் கிடந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறு பிரதி இல்லாதவை மீளவேயில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூற்றிட்டம் இந்தச் சாம்பலை நன்கறிந்தது. அது பழைய நூல்களைப் படியெடுத்து இலவசமாக வைக்கிறது. உரிமை உள்ள நூலுக்கு எழுதியவரிடம் அனுமதி கேட்கிறது. கேட்டுப் பெறும் இவ்வழக்கத்தை மாணவர் மன்றங்கள் ஏன் மேற்கொள்ளலாகாது? மாகாணக் கல்வித் திணைக்களமும் உள்ளூர் நூல் ஒவ்வொன்றிலும் நூறு பிரதி வாங்கிப் பாடசாலைகளுக்கு வழங்கினால், எழுதியவனின் அச்சுக்கடனிற் பெரும்பகுதி தீரும். மின்பிரதியைக் கப்பல்துறைப் பிள்ளைக்கு அவனே அனுப்பிவைப்பான்.