கல்லூரிக்கு சிறப்பு விருந்தினரை அழைக்கப் போறீங்களா? முன்கூட்டியே கவனிக்க வேண்டியது என்னென்ன? முழு விளக்கம்

கல்லூரி விழா என்றாலே சிறப்பு விருந்தினர், சால்வை, நினைவுப் பரிசு என்பதுதான் வழக்கம். ஆனால் மேடையில் ஏறுபவர் யார், என்ன பேசப் போகிறார் என்பதைப் பல நேரங்களில் கடைசி நிமிடம் வரை யாரும் கேட்பதே இல்லை. 2024-ல் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து நடந்த 2 சம்பவங்கள் இதன் ஆபத்தைக் காட்டின.

என்ன நடந்தது?

2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் முகாம் நடந்தது. அதில் மாணவிகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. பயிற்சியாளர் என்று வந்தவரின் அடையாளத்தை உரிய இடத்தில் யாரும் சரிபார்க்கவில்லை.

அதே மாதம் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் மகாவிஷ்ணு என்பவர் பேசிய பேச்சு பிறகு சர்ச்சையானது. மாற்றுத்திறனை முற்பிறவி வினையோடு தொடர்புபடுத்திப் பேசியதை, பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். பேசியவர் கைது செய்யப்பட்டார், தலைமை ஆசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்க முதல்வர் உத்தரவிட்டார்.

இரண்டும் பள்ளிகளில் நடந்தவை என்றாலும், பாடம் கல்லூரிகளுக்கும் பொருந்தும். முதலாமாண்டு மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு போக்சோ சட்டம் பொருந்தும்.

யாரை அழைப்பது?

ஊத்தங்கரை போன்ற ஊரில் பல மாணவர்கள் வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஓசூர் தொழிற்சாலையில் வேலை எப்படி இருக்கும், சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் எப்படி என்று நேரில் கேட்க அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பே இந்த மேடைதான். அதனால் பிரபலத்தைவிட, அங்கே வேலை பார்க்கும் முன்னாள் மாணவரின் பேச்சு அதிகம் பயன்படலாம்.

சரிபார்க்க வேண்டியவை

* விருந்தினர் சொல்லும் நிறுவனத்தை அதன் அலுவலக எண்ணிலேயே அழைத்து உறுதி செய்ய வேண்டும். விசிட்டிங் கார்டு மட்டும் போதாது.
* தலைப்பும் பேச்சின் சுருக்கமும் எழுத்தில் வாங்க வேண்டும். முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் தேவை.
* வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பது, கோர்ஸ் விற்பது, மாணவர்களின் போன் நம்பர், ஆதார் நகல் வாங்குவது எதற்கும் இடம் தரக் கூடாது.
* நிகழ்ச்சி முடியும் வரை பேராசிரியர்கள் அரங்கில் இருக்க வேண்டும். விருந்தினர் மாணவ, மாணவிகளைத் தனியாகச் சந்திக்கும் ஏற்பாடு வேண்டாம்.
* புகார் வந்தால் உள்ளகப் புகார் குழுவுக்குப் போக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளில், வளாகத்துக்கு வரும் வெளியாட்களால் ஏற்படும் பாலியல் தொல்லையும் அடங்கும்.

தேதியும் நேரமும்

கிருஷ்ணகிரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. செமஸ்டர் தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டே தேதி குறிப்பது நல்லது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் மைக்கும் புரொஜெக்டரும் கைவிட்டுவிடும்.

ஓசூரிலிருந்து ஊத்தங்கரை சுமார் 100 கி.மீ. காரில் வந்தாலே 2 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்கு வரச் சொன்னால் கஷ்டம், 11 மணி என்றால் வசதி. மாணவிகளில் பலர் சுற்றுக் கிராமங்களுக்கு டவுன் பஸ்ஸில் திரும்ப வேண்டியவர்கள். நிகழ்ச்சி இழுத்துக்கொண்டே போய் அந்த பஸ் போய்விட்டால், அடுத்த முறை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

கேள்விக்கு நேரம் இருக்கா?

வரவேற்புரை, அறிமுக உரை, சால்வை என்று முக்கால் மணி நேரம் போய்விட்டால், கேள்வி கேட்க நேரமே இருக்காது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கல்லூரிக்குப் போனால் மாணவர்களின் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குவது வழக்கம். மைக்கில் பேசத் தயங்குபவர்களிடம் கேள்விகளைச் சீட்டில் எழுதி முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். பேச்சு 30 நிமிடம், கேள்விகள் 30 நிமிடம் என்று விருந்தினரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் இருக்காது.

மேடையில் பேசுவது தவறாகத் தோன்றினால் மாணவரோ ஆசிரியரோ அங்கேயே கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்டவரை நிர்வாகம் அடக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் சென்னை சம்பவம் சொல்லும் பாடம்.