கட்டை வண்டி முதல் ஜீப் வரை: புதுக்கோட்டைச் சீமையில் சக்கர அளவின் வரலாறு

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலம் ஒரே தன்மை உடையதன்று. வடமேற்கில் விராலிமலை, நார்த்தாமலை, குடுமியான்மலைப் பகுதிகளில் பாறையும் சரளையும், ஆலங்குடிப் பக்கம் செம்மண்ணும், தென்கிழக்கில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் சார்ந்த கடற்கரையில் மணலும், இடையிடையே கண்மாய்களின் கீழ்ச் சேற்று வயல்களும் அமைந்துள்ளன. இந்நிலத்தில் ஓடிய வண்டிகளுக்குச் சக்கர அளவை வகுத்தவை தரையும் சுமையும் இழுக்கும் ஆற்றலுமே என்பதைப் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர் காலத்துக் கட்டை வண்டியிலும், பின்னர் வந்த ஜீப்பிலும் காணலாம்.

கட்டை வண்டியின் சக்கரம், அச்சு நுழையும் நடுக்கட்டையாகிய குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றியமைந்த மரவளையமாகிய வட்டை ஆகிய மூன்று உறுப்புகளைக் கொண்டது. கொல்லர் இரும்புப் பட்டையைச் சூடேற்றி விரியச் செய்து, வட்டையின்மேல் ஏற்றி நீரூற்றிக் குளிர்விக்க, அது சுருங்கி மரத்தை இறுகப் பிணித்தது. விட்டம் பெரிதாக இருக்கும் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் எளிதாக ஏறுவதால் மாடுகளின் உழைப்பு குறைந்தது. குறுகலான பட்டையோ மேற்சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டது. ஆனால் அதே குறுகலான இரும்பு, சரளைச் சாலையில் சுமையனைத்தையும் சிறு பரப்பில் அழுத்தித் தடங்களை வெட்டியது.

1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்துச் சேவையைத் தொடங்கியபோது, வண்டிச் சக்கரம் வெட்டிய சாலையிலேயே ரப்பர்ச் சக்கரமும் ஓட வேண்டியதாயிற்று. பின்னர் கிராமங்களில் பரவிய, டயர் பொருத்திய மாட்டு வண்டி, காற்றடைத்த டயரின் நெகிழ்வால் சுமையை அகலமான பரப்பில் பரப்பியமையால், சிறிய விட்டத்திலும் நல்ல சாலையில் எளிதாக உருண்டது. ஆழ்ந்த சேற்றில் மட்டும் மரச்சக்கரத்தின் பெரிய விட்டத்துக்கு ஈடு இல்லை.

1947-இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை இணைத்து விற்கத் தொடங்கியது. அக்காலத்து ஜீப்பின் டயர் அளவு 6.00-16, அதாவது டயரின் அகலம் சுமார் 6 அங்குலம், அது பொருந்தும் இரும்பு வளையமாகிய ரிம்மின் விட்டம் 16 அங்குலம். முழு உயரமோ ஏறத்தாழ 29 அங்குலம். இந்தக் குறுகலான உயர்ந்த வடிவம், சேற்றைக் கிழித்துச் செல்லும் மரச்சக்கரத்தின் இயல்பையே ரப்பரில் தொடர்ந்தது எனலாம்.

பழைய ஜீப்புக்குப் புதிய டயர் தேர்வோர் முதலில் முழு உயரத்தைக் கணக்கிட வேண்டும். 235/70 ஆர் 16 என்னும் இக்கால அளவில், 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், 70 என்பது அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதன் முழு உயரம் சுமார் 735 மில்லிமீட்டர், அதாவது பழைய 6.00-16-க்கு மிக அருகில். எனவே கியரும் வேகமானியும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆயினும் பழைய நான்கரை அங்குல ரிம் இதற்குப் போதாது, குறைந்தது 6 அங்குல அகல ரிம் தேவை. உயரத்தை 10 சதவீதம் கூட்டினால், வேகமானி 50 காட்டும்போது உண்மை வேகம் 55 ஆகும். எஞ்சின் ஏற்றத்தில் திணறும், பிரேக்குக்கும் சுமை கூடும், சக்கரம் திரும்பும்போது மட்கார்டில் உரசவும் கூடும்.

மணமேல்குடி மணலுக்கு அகலமான டயரும், சேற்று வயலுக்கு ஆழ்ந்த பள்ளங்களுடைய குறுகலான டயரும், விராலிமலைச் சரளைக்கு உறுதியான பக்கச்சுவருடைய டயரும் பொருந்தும். தோற்றத்துக்காக மட்டும் பெரிய சக்கரம் மாட்டுவது, வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் நட்டமாகும்.