ஹெடிங்லி

இங்கிலாந்தின் வடபாகத்தில், யார்க்ஷயரைச் சேர்ந்த லீட்ஸ் மாநகரத்தின் நடுவிலிருந்து வடமேற்கே சுமார் இரண்டு மைல் தொலைவில், மேட்டு நிலத்தில் அமைந்த புறநகர். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலேயே இதன் பெயர் காணப்படுகிறது. ஸ்கைராக் என்னும் பழைய நாட்டுப் பிரிவின் சபை இங்கிருந்த ஓக் மரத்தடியில் கூடியதென்பது பரம்பரை வழக்கு. அப்பிரிவின் பெயருக்கே 'நாட்டு ஓக்' என்றுதான் பொருள். பட்டுப்போன அவ்விருட்சம் 1941இல் சாய்ந்துவிட்டபோதிலும், அவ்விடத்தில் எதிரெதிரே நிற்கும் 'ஒரிஜினல் ஓக்', 'ஸ்கைராக்' என்ற இரு மதுச்சாலைகள் அதன் ஞாபகத்தை இன்றும் காத்துவருகின்றன.

மத்திய காலத்தில் கர்க்ஸ்டால் துறவிமடத்துக்கு உரியதாயிருந்த இந்நிலம், 1539இல் மடம் கலைக்கப்பட்ட பின் கைமாறிக் கைமாறிக் கார்டிகன் பிரபுக்களின் வசமாயிற்று. ஆனால், இக்கிராமத்தை நகராக்கியது பிரபுத்துவமன்று, புகையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீட்ஸின் கம்பளி ஆலைகளும் ஆளிநூல் ஆலைகளும் கக்கிய கரிப்புகை பள்ளத்தில் தேங்க, அவ்வாலைகளால் செல்வம் சேர்த்தவர்களே சுத்தமான காற்றை நாடி மேடேறி, தோட்டம் சூழ்ந்த மாளிகைகளைக் கட்டிக்கொண்டனர்; புகையின் நடுவே வாழ்ந்தே தீரவேண்டியிருந்த தொழிலாளருக்கு அப்பாக்கியம் கிட்டவில்லை என்பதை இவ்வூரின் அழகைப் புகழ்வோர் மறக்கலாகாது. 1871இல் குதிரை டிராம் ஓடத் தொடங்கிய பின்னரே நடுத்தர வர்க்கத்தாரும் வந்து குடியேற, செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

1840இல் திறக்கப்பட்டு இருபது வருஷங்கூட நிலைக்காத மிருகக்காட்சிச் சாலையின் கரடிக்குழி, கார்டிகன் சாலையில் இன்னும் இருக்கிறது. கோட்டை வாயிலைப் போன்ற கல் முகப்பு; அதன் இருமருங்கும் சிறு கோபுரங்கள்; அவற்றில் ஏறி நின்றுதான் ஜனங்கள் கீழே உலவிய கரடியைப் பார்த்தார்கள்.

உலகம் இப்பெயரை அறிந்தது கிரிக்கெட்டினால். 1899 முதல் டெஸ்ட் பந்தயங்கள் நடைபெறும் இவ்வூர் மைதானத்தில், 1930இல் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிராட்மன் ஒரே நாளில் 309 ஓட்டங்கள் குவித்தார். 1952இல் இந்திய அணி, தன் இரண்டாவது இன்னிங்ஸில் ஓர் ஓட்டமும் எடுக்குமுன்னரே நான்கு விக்கெட்டுகளைப் பறிகொடுத்தது.

பிற்காலத்தில் பெருவீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, பல்கலைக்கழக மாணவர்களின் ஜாகைகளாயின. குழந்தைகளுள்ள குடும்பங்கள் அருகின. மூடப்பட்ட பழைய ஆரம்பப் பாடசாலையின் கட்டடத்தை வீணாக விட மனமில்லாத ஊரார், தாமே அறக்கட்டளை அமைத்துப் பாடுபட்டு, 2011இல் அதனைக் கலைகளுக்கும் சிறுதொழில்களுக்கும் உரிய பொதுநிலையமாகத் திறந்தனர்.