அட்டை: ஒரு பெயர், பல உயிர்

காங்கேயத்தில் "ஒரு அட்டை எடுத்துட்டு வாப்பா" என்றால் பனியன் அடுக்கும் அட்டைப்பெட்டி வரும். மழை விட்டதும் சுவரோரம் சுருண்டு கிடக்கும் மரவட்டையும் நமக்கு அட்டைதான். ராமேசுவரத்தில் கடலட்டை, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் காலேறிக் கடிப்பதும் அட்டை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் ஒன்று, அட்டையைக் கடிக்கவிட்டு ரத்தம் எடுக்கும் 'அட்டைவிடல்'. அதற்குரியது இவை எதுவுமல்ல, குளத்தில் நீந்தும் நீரட்டை.

'அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் செத்தையைத்தான் நாடும்' என்கிறோம். நீரட்டை செத்தையை ஏன் நாடப்போகிறது? பழமொழியின் அட்டை சருகில் வாழும் மரவட்டையாகவோ காட்டட்டையாகவோதான் இருக்க வேண்டும்.

வடமொழிப் பெயரான 'ஜலௌகா'வில் இந்தக் குழப்பம் இல்லை. நீரை வீடாகக் கொண்டது என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை அந்தப் பெயரோடும் நிற்கவில்லை. 12 வகை பிரித்து, ஆறை நஞ்சுள்ளவை என விலக்கி, ஆறை ஏற்றது. ஏற்றவற்றிலும் 'சாவரிகா'வைக் கால்நடைகளுக்கென்று ஒதுக்கியது.

நம் நாட்டில் சிகிச்சைக்குப் பயன்படுவதில் முக்கியமானது ஹிருடினேரியா கிரானுலோசா. மாடு குளிக்கும் குளங்களில் வாழ்வதால் விலங்கியலில் அதற்குக் கால்நடை அட்டை என்றே பெயர். கையில் எடுத்துப் பார்த்தால் முதுகு பாசிப்பச்சை, வயிறு ஆரஞ்சு மஞ்சள். மரவட்டைக்குள்ள கால்கள் இதற்கு இல்லை. இரு முனையிலும் உறிஞ்சிகள். தலையில் ஐந்து ஜோடிக் கண்கள். மூன்று தாடைகளால் கடிப்பதால் காயம் முக்கிளையாக விழும்.

கண்ணால் பார்ப்பதும் சில நேரம் போதாது. ஐரோப்பாவில் ஹிருடோ மெடிசினாலிஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட அட்டைகள் உண்மையில் ஹிருடோ வெர்பானா என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது.

சுசுருதம் இன்னொன்றும் கேட்டது: அட்டை பிறந்த நீர் எது? தாமரை பூக்கும் தெளிநீரில் பிறந்தது நல்லது. அழுகிய நீரில் பிறந்தது ஆகாது. காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனநீருக்குப் பதில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. அங்கே பிடித்த அட்டையை, பழைய வைத்தியர் நிறமும் வரியும் பார்க்காமலே கீழே போட்டிருப்பார்.