பூங்கா நிலத்தில் அடுக்குமாடி: ரிம்பா கியாரா வழக்கு சொல்வது என்ன?

பூங்கா, பந்துத் திடல், பழைய குதிரைப் பந்தயத் திடல் போன்ற திறந்தவெளிகளில் அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் வந்தால், ஊராட்சி மன்றம் தன் விருப்பப்படி அனுமதி கொடுத்துவிட முடியுமா? 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் இக்கேள்விக்குப் பதில் சொன்னது. அந்த வழக்கின் நடுவே நம் தோட்டப்புறக் குடும்பங்களும் இருந்தன.

தோட்டத்திலிருந்து ரூமா பாஞ்சாங்கிற்கு

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்திய பிறகு, அங்கு பால்மரம் சீவிய குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் தற்காலிக ரூமா பாஞ்சாங் வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு தருவதாக வாக்குறுதி கொடுக்கப்பட்டது. பேரப்பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும், சுமார் 100 குடும்பங்கள் அங்கேயே காத்திருந்தன. பக்கத்தில் இருப்பதுதான் 25 ஏக்கர் தாமான் ரிம்பா கியாரா பூங்கா.

மாநகர் மன்றம் கொடுத்த அனுமதி

2017 ஜூலையில், ஏறத்தாழ 12 ஏக்கரில் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றுக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி வழங்கியது. 42 முதல் 54 மாடி வரை உயரமுள்ள 8 கட்டடங்களில் சர்விஸ் அபார்ட்மெண்டுகள், கூடவே 29 மாடிக் கட்டடம் ஒன்றில் 350 கட்டுப்படி விலை வீடுகள். ரூமா பாஞ்சாங் குடும்பங்களுக்கான வீடுகள் இந்த 29 மாடிக் கட்டடத்தில்தான்.

"நம்மவர்களுக்கு வீடு கிடைக்கும்போது ஏன் தடுக்கிறார்கள்?" என்று பலர் கேட்டனர். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் சொன்ன பதில்: அந்தக் குடும்பங்களுக்கு வீடு தருவதை நாங்கள் எதிர்க்கவில்லை, அவர்கள் இப்போது வாழும் இடத்திலேயே கட்டிக் கொடுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள்.

நீதிமன்றத் தீர்ப்பு

2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் குடியிருப்பாளர்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அனுமதியை ரத்து செய்தது. கூட்டரசு நீதிமன்றமும் அந்த முடிவை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். தீர்ப்பின் சாரம்:

1. அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் வெறும் வழிகாட்டி அல்ல. நினைத்தபடி அதிலிருந்து விலக டத்தோ பண்டாருக்கு அதிகாரம் இல்லை.

2. விலகுவதாக இருந்தால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

3. திட்டத்தில் பங்குள்ள அறவாரியத்தில் டத்தோ பண்டாரும் இடம்பெற்றிருந்ததால், நலன் முரண்பாடு எழுந்தது.

உங்கள் ஊரில் இப்படி நடந்தால்

தலைநகருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 267) பொருந்தும். தீபகற்ப மாநிலங்களுக்கு 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172).

• முதலில் ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவில், அந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போதே ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். பலர் கோட்டை விடும் கட்டம் இதுதான்.

• உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில், சட்டம் 172இன்படி அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபத்தைக் காரணத்தோடு தர வேண்டும். நேரில் பேச விரும்பினால் அதையும் கடிதத்தில் கேளுங்கள்.

• அப்படி ஆட்சேபித்தவர்கள், மன்றத்தின் முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

இந்த உரிமை நில உரிமையாளருக்கே உரியது. ரூமா பாஞ்சாங்கிலும் லயத்திலும் இருப்பவர்களுக்குப் பட்டா இல்லை என்பதால், அறிவிப்புக் கடிதம் அவர்கள் வாசலுக்கு வராது. வாக்குறுதிக் கடிதம், மாற்றிடக் கடிதம், பழைய மின்கட்டண ரசீது எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஒரே குழுவாகச் சேர்ந்து மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதி, கடிதம் கிடைத்ததற்கான முத்திரையையும் வாங்கி வையுங்கள்.

2017 அனுமதி ரத்தானபோது, 350 வீடுகளும் அதோடு போயின. ஆகவே வீட்டு வாக்குறுதியைத் தனித் திட்டமாக, தனி நிலத்தில், தனி ஒப்பந்தமாகக் கேட்பதே பாதுகாப்பு.