லக்னோவின் முகங்களைக் காத்த ஹாஜி

செஞ்சியை அடுத்த மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மகேந்திரவர்மன் குடைவித்த குகையின் வாயிற்காவலர் முகங்கள் இன்றும் நிற்கின்றன. 1714இல் ஆர்க்காட்டுப் படையோடு பொருது மடிந்த தேசிங்குராசனையும் அவன் தோழர் மகமத்கானையுமோ நம் மக்கள் கதைப்பாடலின் வழியேதான் அறிவர். ஆட்சி வீழ்ந்த ஊரின் முகங்களை யார் காப்பது? லக்னோவுக்கு ஒருவர் வாய்த்தார்: தரோகா ஹாஜி அப்பாஸ் அலி.

1856இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பறித்துக்கொள்ள, அரசர் வாஜித் அலி ஷா கல்கத்தா சென்றார். மறு ஆண்டு கிளர்ச்சி மூண்டது. அது அடங்கியபின் நகரின் கணிசமான பகுதி இடிக்கப்பட்டது. நகராட்சியில் பொறியாளராக இருந்த அப்பாஸ் அலி, 1874இல் 50 நிழற்படங்களும் நகர வரைபடமும் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டார். முற்றுகை நடந்த இடங்களைக் காண வரும் ஆங்கிலேயருக்காக, ஆங்கிலத்தில், ஆள்வோர் மனம் கோணாமல் எழுதப்பட்டது அது. அதற்காக அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இமாம்பாராக்களும் அரண்மனைகளும் அன்றிருந்த கோலம் அப்படங்களில் தங்கிவிட்டது.

அதே ஆண்டில் அவர் வெளியிட்ட மற்றொரு தொகுப்பைக் கண்டு நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். லக்னோவின் பாடகியர், ஆடல் மகளிர் ஆகியோரின் 24 உருவப்படங்கள் அவை. கிளர்ச்சிக்குத் துணை நின்றனர் என்று அவ்வகுப்பினர் பலரின் உடைமைகள் பறிக்கப்பட்டிருந்த காலம் அது. அரசவை கலைந்தபின் அவர்களைப் பொருட்படுத்தியோர் எத்தனை பேர்?

அன்று ஒரு முகத்தைப் பிடிப்பது எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அமர்ந்திருப்பவர் சில நொடிகள் அசையலாகாது. அசைந்தால் முகம் கலங்கிவிடும். முட்டை வெண்கரு பூசிய தாளில், வெயிலில் வைத்துப் படி எடுப்பர். வட இந்தியக் கோடையில் இத்தொழில் எவ்வளவு பொறுமையைக் கேட்டிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

1880இல் அவத்தின் ராஜாக்கள், தாலுக்தார்கள் ஆகியோரின் உருவப்படத் தொகுப்பை அவர் வெளியிட்டார். முன்னர் அரசரின் கீழும், கிளர்ச்சிக்குப்பின் ஆங்கிலேயரின் கீழும் நிலம் ஆண்ட குடும்பத்தினர், முஸ்லிம்களும் இந்துக்களும், ஒரே நூலில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர்.