ஈயப் படைவீரர்களும் கால்க்ரீசே மண்ணும்

வரலாற்றை எழுதுகிறவருக்கு 'இப்படி இருந்திருக்கலாம்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போக வழி உண்டு. போர்க்களத்தைச் சிற்றுருவங்களால் டயோரமாவாக அமைப்பவருக்கு அந்த வழி இல்லை. கி.பி. 9ஆம் ஆண்டில் ரோமத் தளபதி வாருஸ் 17, 18, 19 என்ற மூன்று லெஜியன்களோடு ஜெர்மானியக் காட்டில் அழிந்தார். அந்த நிகழ்வைப் பலகைமேல் வைக்க முனைந்ததும் நூறு கேள்விகள் முன்னே வந்து நிற்கின்றன. படைவீரன் தலைக்கவசத்தை அணிந்திருந்தானா, தோளில் தொங்கவிட்டிருந்தானா? கேடயம் தோலுறைக்குள் இருந்ததா? அவனைத் தாக்க வந்தவன் கையில் இருந்தது வாளா, ஈட்டியா? ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லித்தான் பொம்மையை ஒட்டியாக வேண்டும். இந்தக் கலையில் துல்லியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கொக்கி, கச்சை, கவசத்தின் ஆணி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. தனிப் பொம்மையில் துல்லியம் தேடும் இந்தப் பழக்கம், எத்தனை பேர், யார், எந்த நிலத்தில் என்ற பெரிய கேள்விகளில் நேரும் பொய்யை மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

சிற்றுருவப் படை வெறும் விளையாட்டாக ஒருநாளும் இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நியூரம்பெர்க்கில் ஹில்பெர்ட் போன்ற வார்ப்புக் கலைஞர்கள் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே நகரத்தின் ஹைன்ரிஷ்சன் பட்டறை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரத்தைப் பொது அளவாக்கியது. கூல்ம்பாஹ் நகரின் பிளாசன்பர்க் கோட்டையில் இன்று லட்சக்கணக்கான ஈய உருவங்கள் டயோரமாக்களில் அணிவகுத்து நிற்கின்றன. சிறு பொம்மைகள் பெரிய சச்சரவையும் கிளப்பின. 1838இல் லண்டனில் வில்லியம் சைபோர்ன் வாட்டர்லூ போர்க்களத்தை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களோடு காட்சிக்கு வைத்தார். மாலை ஏழு மணிக்கு யார் எங்கே நின்றார்கள் என்று போரில் பங்கெடுத்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு அமைத்த மாதிரி அது. அந்த நேரத்தில் புரூசியப் படை எவ்வளவு நெருங்கி வந்திருந்தது என்பதில் வெலிங்டன் தரப்பு அவரோடு உடன்படவில்லை. பிற்பாடு அவர் புரூசிய உருவங்களைக் குறைத்தார். எந்த வீரனின் சட்டைப் பொத்தானைப் பற்றியும் அங்கே வழக்கு எழவில்லை. எண்ணிக்கையும் இடமும்தான் வெற்றி யாருடையது என்பதைச் சொல்லின.

வாருஸ் அழிந்த டொய்டோபர்க் போருக்கு இப்படிக் கடிதம் எழுதிக் கேட்க யாரும் இல்லை. ஆனால் மண் இருக்கிறது. 1987இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டோனி கிளன், ஓஸ்னாபுரூக்குக்கு வடக்கே கால்க்ரீசே என்ற ஊரில் உலோகங்காட்டிக் கருவியோடு தேடியபோது ரோமன் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பிறகு கவண் வீசும் ஈயக் குண்டுகளும் வந்தன. அகழாய்வில் கிடைத்த காசுகளில் எதுவும் கி.பி. 9க்குப் பிற்பட்டதல்ல, சில செப்புக்காசுகளில் வாருஸின் பெயர் முத்திரையே குத்தப்பட்டிருந்தது. வெள்ளிக்காசுகளில் அதிகம் வருவது பேரரசர் அகஸ்டஸின் பேரர்களான காயஸ், லூசியஸ் இருவரும் நிற்கும் வகை. கொங்கு நாட்டுப் புதையல்களிலும் இதே வகைக் காசு ஏராளம். ஒரே பேரரசின் காசு ஒரு பக்கம் மிளகு வாங்கக் கடல் கடந்தது, மறுபக்கம் செத்த வீரனின் இடுப்புப் பையிலிருந்து சதுப்போரத்தில் சிந்தியது.

ரோமன் கவசத்தைப் பற்றிய அறிவு எப்படி நகர்ந்தது என்பதும் இந்த மண்ணிலேயே தெரிகிறது. இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய கவசம்தான் ரோம வீரனின் அடையாளமாக எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. அந்தப் படிமத்துக்கு மூலம் இரண்டு. கி.பி. 113இல் திறக்கப்பட்ட டிராஜன் தூணின் சிற்பங்கள் ஒன்று. 1964இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் ஒரு பெட்டிக்குள் கிடைத்து, ரஸ்ஸல் ராபின்சன் மறுவடிவம் கொடுத்த இரண்டாம் நூற்றாண்டுக் கவசம் மற்றொன்று. பட்டைக் கவசம் பேரரசர் கிளாடியஸ் காலத்தை ஒட்டித்தான் தொடங்கியது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். அந்தக் கணக்கில் வாருஸின் வீரனுக்குச் சங்கிலிக் கவசம் மட்டுமே பொருந்தும். கால்க்ரீசேயில் பட்டைக் கவசத்தின் துண்டுகள் கிடைத்ததும் கணக்கு மாறியது. 2018இல் ஏறத்தாழ முழுக் கவசமே மண்கட்டியோடு வெளியே வந்தது. ஆனாலும் கார்பிரிட்ஜ் கவசத்தை அப்படியே வாருஸின் வீரனுக்கு மாட்டிவிட முடியாது. கீலும் கொக்கியும் வேறு அமைப்பு. பட்டைக் கவசம் வந்ததால் சங்கிலிக் கவசம் போய்விடவும் இல்லை. மார்க்குஸ் ஐயுஸ் என்ற வீரன் தன் பெயரைக் கீறி வைத்த சங்கிலிக் கவசக் கொக்கி அதே களத்தில் கிடைத்தது. ஆகவே எல்லா வீரரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒரே கவசத்தில் நிற்கும் டயோரமா, ஒவ்வொரு உருவமும் குற்றமற்றதாக இருந்தாலும் மொத்தத்தில் தவறு.

மறுதரப்புக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1875இல் டெட்மோல்டுக்கு அருகே திறக்கப்பட்ட, வாருஸை வீழ்த்திய ஜெர்மானியத் தலைவர் ஆர்மினியஸின் சிலையின் தலைக்கவசத்தில் சிறகு முளைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு பைராய்ட்டில் வாக்னரின் இசை நாடகத்துக்கு டோப்ளர் வடிவமைத்த உடைகள் கொம்பு வைத்த தலைக்கவசத்தைப் பரப்பின. இரண்டும் தேசியப் பெருமிதத்தின் உருப்படிகள். முதலாம் நூற்றாண்டோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரோமனுக்குக் கீல்வரை சரிபார்ப்பவர்கள் ஜெர்மானியனுக்கு விலங்குத் தோலையும் கோடரியையும் கொடுத்துத் திருப்தியடைகிறார்கள். ஜெர்மானியர் எழுதி வைக்கவில்லை, ஆதாரம் இல்லை, எனவே கற்பனைக்கு இடம் உண்டு என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். ஆதாரம் குறைவு என்பது சரி, இல்லை என்பது சரியல்ல. இரும்பு அங்கே தாராளமில்லை, வாள் வைத்திருந்தவர் சிலர், குறுகிய முனையுள்ள ஈட்டியே பொது ஆயுதம், தலைக்கவசம் அணிந்தவர் ஒருவரோ இருவரோ என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ரோமனின் வாய்ச்சொல்லை எப்படி நம்புவது என்றால், டென்மார்க்கின் ஹியோர்ட்ஸ்பிரிங் சதுப்பைப் பார்க்கலாம். தோற்ற படையின் ஆயுதங்களைப் படகோடு சேர்த்துக் காணிக்கையாக அங்கே போட்டிருக்கிறார்கள். ஈட்டி முனைகள் 169, வாள்கள் வெறும் 11. காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டு என்பதால் நேரடிச் சாட்சியாகக் கொள்ள முடியாது; இருந்தாலும் டாசிட்டஸ் சொல்லும் விகிதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இதை ஏற்றால் நாற்பத்தைந்து ஜெர்மானிய உருவங்களுக்கு நடுவே மூன்று வாள் போதும்.

உண்மையான பொருளையே தவறான இடத்தில் வைக்கும் பிழையும் உண்டு. 1948இல் ஓஸ்டர்பி சதுப்பில் கிடைத்த மண்டையோட்டில் தலைமுடி பக்கவாட்டில் முடிச்சாகக் கட்டியபடியே இருக்கிறது. அந்த நேர்த்தியைப் பார்த்தவர் தம் பொம்மைக்கும் அதே முடிச்சைப் போட ஆசைப்படுவார்தான். ஆனால் டாசிட்டஸ் அதைச் சுயேபி இனத்தாரின் அடையாளமாகச் சொல்கிறார்; ஆர்மினியஸின் இனத்தாரான செருஸ்கர் சுயேபியர் அல்லர். இதைவிட முக்கியமானது வேறொன்று. ஆர்மினியஸ் ரோமக் குடியுரிமையும் குதிரைவீரர் வகுப்புத் தகுதியும் பெற்று ரோமப் படையோடு சேர்ந்து போரிட்டவர். அவரைச் சுற்றி நின்றவர்களில் ரோமத் துணைப்படையில் பழகியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் ரோம வாளும் கவசமும் தரித்திருந்தால் வியப்பில்லை. ஒருபக்கம் பளபளக்கும் இரும்பு, மறுபக்கம் வெற்று மார்பு என்று வண்ணத்தாலேயே இரு தரப்பையும் பிரிக்கும் டயோரமா, பார்ப்பவருக்கு வசதி செய்வதற்காக ஆர்மினியஸ் ரோமுக்கு இழைத்த துரோகத்தின் அடிப்படையையே அழித்துவிடுகிறது. நேற்றுவரை தன் அணியில் நின்றவனால் கொல்லப்பட்ட படை அது.

நிலத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுதான். 1:72 என்ற பரவலான அளவில் மனிதன் இரண்டரை சென்டிமீட்டர் உயரம். முப்பது மீட்டர் வளர்ந்த பீச் மரம் அதே அளவில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நிற்க வேண்டும். கடையில் வாங்கி நடும் பன்னிரண்டு சென்டிமீட்டர் மரம் உண்மையில் ஒன்பது மீட்டர் கன்று. அந்தக் கன்றுகளுக்கு நடுவே ரோமன் ராட்சதனாகத் தெரிகிறான். பயம் கிளப்ப வேண்டிய காடு தோட்டமாகிவிடுகிறது. கரும்பச்சை ஊசியிலை மரங்களை அடர்த்தியாக வைப்பதும் பிழையே. வடமேற்கு ஜெர்மனியின் ஸ்புரூஸ் காடுகள் பிற்காலத்து வனத்துறை நட்டவை. வாருஸ் கண்டது ஓக், பீச், ஓரத்தில் ஆல்டர், நடுவே மக்கள் உழுத வயல். கால்க்ரீசே குன்று தாழ்நிலத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் எழுகிறது. அதற்கும் பெருஞ்சதுப்புக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவில் குறுகிய நடைவழி. படையை நீட்டி நெருக்கியது அந்த இடுக்குதான்.

அத்தனையையும் ஒரு பலகையில் அடைக்க முடியுமா என்று கேட்பது நியாயமே. பதினைந்து கிலோமீட்டர் நீளும் அணிவகுப்புக்கு 1:72 அளவிலேயே இருநூறு மீட்டருக்கு மேல் பலகை வேண்டும். ஆகவே எந்த டயோரமாவும் முழுப் போர் அல்ல, சில பத்து மீட்டர் நிலம்தான். போர் முழுதும் அங்கேயே நடந்ததுபோலச் சுருக்கி நெருக்கி வைக்காமல், அந்தச் சில பத்து மீட்டரில் யார் இருந்தார்களோ அவர்களை மட்டும் வைத்தால் போதும். அப்படிச் செய்தால் படைவரிசை போய் வேறு மனிதர்கள் வருவார்கள். வண்டிகளும் சுமைவிலங்குகளும் பெண்களும் குழந்தைகளும் கூடவே போனதாக வரலாற்றாசிரியர் டியோ காஸியஸ் சொல்கிறார். மழையில் நனைந்த கேடயம் கனத்துத் தூக்க முடியாமல் போனதையும் அவர்தான் சொல்கிறார். களத்தில் மருத்துவக் கருவிகள் கிடைத்துள்ளன. ஒரு கோவேறு கழுதையின் கழுத்துமணிக்குள், ஓசை எழாதபடி பயிர்த்தாள் திணித்திருந்தது. சேறு படிந்த அந்தக் கழுதையையும் மணியை அடைத்த கையையும் வைத்தால், ஓடுகிற படையின் பயம் ஒரு சதுர அடியில் வந்துவிடும்.

இது பொழுதுபோக்குத்தானே, அழகாக இருந்தால் போதாதா என்பவர்களுக்கு என் விடை எளியது. கற்பனைப் போரை எவரும் எப்படியும் செய்யலாம். ஆனால் அடிப்பலகையில் 'கி.பி. 9' என்று எழுதிய பின்பு அது இறந்தவர்களைப் பற்றிய கூற்று. நாளை வேறொரு கண்டுபிடிப்பு வந்து எல்லாம் மாறுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். மாறத்தான் செய்யும். சுமார் நானூறு மீட்டர் நீளத்துக்குக் கண்ட மண்மேட்டை ஜெர்மானியர் பதுங்கித் தாக்க எழுப்பிய அரண் என்று வெகுகாலம் சொன்னார்கள். ரோமரே தற்காப்புக்கு எழுப்பிய முகாமின் பகுதி அது என்ற கருத்து இன்று வலுத்திருக்கிறது. அந்த மேட்டின் பின்னால் ஜெர்மானியரை நிறுத்திய டயோரமாக்கள் பொய்த்தும் போகலாம். அதனால் அவற்றைச் செய்தவர் பழிக்கப்பட வேண்டியதில்லை. எந்த ஆண்டின் அறிவைக்கொண்டு செய்தோம் என்று பலகையிலேயே எழுதி வைத்தால் போதும்.

எந்தக் கணத்தை வைப்பது என்று ஒருவர் கேட்டால் நான் போரையே விட்டுவிட்டுக் கி.பி. 15ஐச் சொல்வேன். ரோமத் தளபதி ஜெர்மானிக்குஸ் தன் படையோடு அங்கே வந்து, சிதறிக் கிடந்த எலும்புகளை அடக்கம் செய்ததை டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கால்க்ரீசேயில் எட்டு எலும்புக் குழிகள் கண்டெடுக்கப்பட்டன. மனித எலும்பும் கோவேறு கழுதை எலும்பும் கலந்திருந்தன. புதைப்பதற்கு முன் சில ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்ததன் தடயம் அவற்றில் இருக்கிறது. எழுத்தும் மண்ணும் இவ்வளவு நெருங்கிச் சேரும் காட்சி அந்தப் போரின் வேறெந்த நாளிலும் நமக்குக் கிடைப்பதில்லை. கவசம் அதே தலைமுறையைச் சேர்ந்தது, நிலம் அதே நிலம், மரம் நாற்பது சென்டிமீட்டர். ஜெர்மானியர் கையில் எத்தனை வாள் என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை.